கடல் நின்ற காலத்துச் சேறு

பெரிய காஞ்சிபுரத்தில் என் மாமியார் வீட்டு ஃபிரிட்ஜில், தோசை மாவுக்குப் பக்கத்தில், என் முனைவர் பட்டம் ஒரு சின்ன பாட்டிலில் இருந்தது. ஆழ்கடல் சேறு. பனியுகம் முடியும்போது உருகிய நீரெல்லாம் வடகடலில் கொட்டி, உப்பு குறைந்து, கீழே இறங்க வேண்டிய தண்ணீர் இறங்காமல் கடலோட்டமே படுத்துவிட்டது. இங்கே மழையும் குறைந்தது. அந்த ஓட்டம் மறுபடி எப்போது எழுந்தது என்பதை அந்தச் சேற்றிலிருக்கும் கடுகைவிடச் சிறிய சிப்பிகள்தான் சொல்ல வேண்டும். இதையெல்லாம் மாமியாரிடம் விளக்கமாகச் சொன்ன என் வாய்க்குப் பூட்டு போட வேண்டும்.

"பதினஞ்சாயிரம் வருஷத்து மண்ணா! அதைப் போயி மாவு பக்கத்துல வெச்சிக்கினு இருக்கியேம்மா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சிப்பி பொறுக்க நுண்ணோக்கியைத் துடைத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் பாட்டிலைக் காணோம். பூஜை அலமாரியில் இருந்தது. கழுத்தில் மல்லிகை, உள்ளே திருநீறு, அதுவும் ஸ்பூன் விட்டு நன்றாகக் கலக்கி. என்ன ஒரு கைப்பக்குவம்!

"அத்தை, இதுல திருநீறு போட்டீங்களா?"

"உன் படிப்பு சீக்கிரம் முடியணும்னு வேண்டிக்கினு போட்டேம்மா. தண்ணியா ஊத்திட்டேன்? நம்ம கோயில்ல மண்ணு லிங்கத்துக்கே தண்ணி ஊத்த மாட்டாங்க. அது கூடவா எனக்குத் தெரியாது?"

தண்ணீர் ஊற்றியிருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். சேற்றைத் தண்ணீரில் அலசுவதுதான் என் முதல் வேலையே. சிப்பியிலுள்ள கரிமத்தை வைத்துத்தான் அதன் வயதைக் கணக்கிடுவார்கள். இப்போது அதன் துளைகளிலெல்லாம் போன மாசத்து மாட்டுச் சாணம் சாம்பலாகக் குடியேறிவிட்டது. இனி எந்த வயது வந்தாலும் நம்ப முடியாது.

என் ஆய்வு வழிகாட்டிக்கு ஃபோன் செய்தேன்.

"அந்த அடுக்குல வேற மண் இருக்கா?"

"இல்ல சார். அவ்வளவுதான்."

"என்ன கலந்துச்சு?"

"திருநீறு சார்."

"சிவ சிவா" என்றார். அப்புறம், "அந்த அடுக்கை விட்டுட்டு எழுதும்மா" என்றார்.

பிரமாதம். கடல் நின்றது என்று எழுதலாம். எப்போது எழுந்தது என்பதை ஈசனிடமே கேட்டுக்கொள்ளவும் என்று அடிக்குறிப்பு போடலாம். ஃபோனை வைத்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மாமியார் ஓடிவந்தார். "ஏம்மா அழுவுற? நான் போட்டதாலயா?" அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்ல அத்தை. அது முன்னாடியே கெட்டுப்போச்சு."

"அதானே பாத்தேன்! ஃபிரிட்ஜ்ல வெச்சா மண்ணு கெடாம இன்னா பண்ணும்?" என்று மூச்சு விட்டு, பாட்டிலில் போட்ட அதே திருநீற்றைப் பூஜை அலமாரிக் கிண்ணத்திலிருந்து எடுத்து என் நெற்றி நிறையப் பூசினார்.