சத்தம் காணாத றேடியோ

வட்டக்கச்சியில் எங்கள் வயல் காட்டோரம். கதிர் பால் பிடித்தால் யானை வரும், பன்றி வரும். பரணில் இருந்து துவக்கு வெடி வைத்து வைத்தே என் மனுசன் இடப்பக்கக் காதைத் தொலைத்துவிட்டார். தொலைந்தது ஊருக்கெல்லாம் தெரியும். அவருக்குத்தான் தெரியாது. சனமெல்லாம் வாய்க்குள் கதைக்கப் பழகிவிட்டது என்று குறைப்படுவார்.

வீட்டில் ஒரு சின்ன பற்றறி றேடியோ இருந்தது. பின்னேர நாடகத்துக்கு நானும் எங்கள் மகன்மார் இரண்டு பெடியங்களும் விழுந்து விழுந்து சிரிப்போம். அவர் எங்கள் வாயைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் பிந்திச் சிரிப்பார். அந்தப் பிந்தின சிரிப்பைப் பார்த்தால் என்னுடைய சிரிப்பு நின்றுவிடும்.

ஒருநாள் சொன்னார்: "உது றேடியோவில பிழை. சத்தம் காணாது. ஒரு அம்பிளிபயர் வாங்கிப் பூட்டுவம்."

காதில்தான் பிழை என்று சொல்ல வாய் உன்னியது. அவருடைய தாயைப் பற்றிக்கூட ஏதும் சொல்லிவிட்டுத் தப்பலாம், காதைப் பற்றிச் சொல்லித் தப்ப ஏலாது. "ஓம், வாங்குவம்" என்றேன்.

புதுச் சாமானின் விலைக்கு ஒரு சோடி மாடு வாங்கலாம். மாங்குளத்தில் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர் ஒருவர் பழசு விற்கிறார் என்று கேள்விப்பட்டு, றெயிலேறிப் போனோம். கார் பற்றறியில் வேலை செய்யும் அம்பிளிபயர் ஒன்று வைத்திருந்தார். அதோடு மரப்பெட்டி ஸ்பீக்கர் எடுக்கலாம், இல்லாவிட்டால் திருவிழாவுக்குக் கட்டுகிற வாய் விரிந்த குழல் ஸ்பீக்கர் எடுக்கலாம். இரண்டும் ஒரே விலை.

முதலில் பெட்டியைப் பாடவிட்டார். எனக்குத் தேன் மாதிரி இருந்தது.

"சத்தம் காணாது" என்றார் இவர்.

குழலைப் பூட்டினார்கள். றோட்டில் நின்ற நாய் எழும்பி ஓடியது. இவருடைய முகம் மலர்ந்தது.

"ஐயா, உது வெளிக்குக் கட்டுறது. வீட்டுக்குப் பெட்டிதான் நல்லது" என்றார் கடைக்காரர்.

"எனக்கு உதுதான் வேணும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறத்தி ஆளுக்கு முன்னால் அவரை எப்படிக் குறைக்கிறது? "அவர் சொல்லுறதையே கட்டித் தாங்கோ" என்றேன்.

வீட்டுக்குள் வைத்தால் பெடியங்கள் காதைப் பொத்தினார்கள். அதனால் அடுத்தநாள் பின்னேரம் குழலைக் கூரை முகட்டில் கட்டிப் பாடவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு முகட்டில் குழல் பாடினால் அங்கே கலியாணமோ, பெண்பிள்ளை வயசுக்கு வந்த சாமத்தியச் சடங்கோ, ஏதோ நல்ல காரியம் என்று அர்த்தம். அரை மணித்தியாலம் ஆகவில்லை. வாய்க்காலுக்கு அங்காலை இருக்கிற அக்கா கூறைச்சீலை உடுத்து, பலகாரப் பெட்டியோடு வந்து நின்றா. அவவுக்குப் பின்னால் ஏழெட்டுச் சனம்.

"ஒரு சொல்லும் சொல்லாமல் செய்யிறியளே பிள்ளை! ஆருக்குச் சாமத்தியம்? உனக்குப் பெட்டையுமில்லையே?"

"ஓம் அக்கா. எங்கட றேடியோதான் பெரியபிள்ளையாகிட்டுது. வாங்கோ, இருங்கோ."

சனம் சிரித்த சிரிப்பில் கூரைக் கிடுகு பறந்திருக்கும். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி, அவர்கள் கொண்டுவந்த பலகாரத்தையே அவர்களுக்குக் கொடுத்து அனுப்பினேன். இவர் மட்டும் கதிரையில் குனிந்தபடி இருந்தார்.

எல்லாரும் போனபிறகு கேட்டார்: "இஞ்சாரும், கடையில கேட்ட அந்த மரப்பெட்டி... அது உமக்கு வடிவாக் கேட்டதோ?"

"கேட்டது."

இடப்பக்கக் காதைத் தடவினார். "எனக்குக் கேக்கேல்லை" என்றார்.

அதற்கு மட்டும் நான் பகிடி ஒன்றும் விடவில்லை.

அடுத்த கிழமை குழலைத் திருப்பிக் கொண்டுபோனோம். இந்தமுறை இவர் கடைக்காரரைப் பார்த்து, "தம்பி, எனக்கு ஒரு காது செத்துப்போச்சு" என்று தானே சொன்னார். மரப்பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, வலப்பக்கக் காதை அதோடு ஒட்டிவைத்துக் கேட்டார். பிறகு அதைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டேசனுக்கு நடந்தார்.

கதிரையின் வலப்பக்கம் பெட்டிக்கு இடமானது. முதல் நாள் நாடகத்தில் எங்களுக்கு முன்னமே சிரித்துவிட்டார். நான் குசினியிலிருந்து ஏதோ கேட்க, கையைக் காட்டித் தடுத்தார்.

"கத்தாதையுமப்பா. ஒண்டும் கேக்க விடுறீரில்லை!"