ஆறு மணிப் பூசை

யாகப்பனுக்கு வயிற்றெரிச்சல் கூடப் பிறந்த வியாதி இல்லை. நாகராஜன் வந்த பிறகு பிடித்தது. வில்லியனூர் பக்கத்து மாதாகோயில் ஊரில் பிறந்து, கோடம்பாக்கத்தில் லைட் தூக்கி, கேமராமேன் ஆகி, சென்னையில் பட்டதாரிப் பிள்ளைகளுக்கு நடந்த சினிமாப் படிப்பில் கேமரா வாத்தியாராகவும் ஆனவன் அவன். படம் கிடைத்தால் ஷூட்டிங், கிடைக்காத நாளில் வகுப்பு. நாகராஜனும் அப்படித்தான், டைரக்‌ஷன் வாத்தியார். ஆனால் அவன் எடுத்த படம் ஒன்று நன்றாக ஓடித் தொலைத்திருந்தது. பிள்ளைகள் டீக்கடைவரை அவன் பின்னாலேயே போவார்கள். யாகப்பன் லென்ஸைப் பற்றி ஆரம்பித்தால் கொட்டாவி விடுவார்கள். விடட்டும், எனக்கென்ன என்பான். எனக்கென்ன என்கிறவனுக்குத்தான் உள்ளே எரியும்.

எழுபத்தெட்டில் மாணவர் படத்துக்கு ஒரு கிராமம் தேவைப்பட்டது. எங்க ஊருக்கு வாங்க என்று யாகப்பன் முந்திக்கொண்டான். ஊரோடு இருந்த பெண்டாட்டி அல்போன்சா அவன் வேலை செய்து ஒருநாளும் பார்த்ததில்லை. படத்தில மூஞ்சியே தெரியலியே, இவரு இன்னாத்தக் கிழிக்கிறாரு என்று அவள் அண்ணன் தாமஸ் கேட்டுக்கொண்டே இருந்தான். இந்த ஒரு தடவையாவது நாகராஜன் இல்லை, தான்தான் பெரிய ஆள் என்று ஊரும் அவளும் பார்த்துவிட வேண்டும்.

வந்திறங்கியதும் தாமஸிடம் சொன்னான்: "காலைல ஆறு மணிக்குப் பூசை. ஊரே வந்துடணும்."

சினிமாக்காரனுக்குப் பூசை என்றால் கேமராவுக்குக் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைப்பது. வேதக்காரர் ஊரில் பூசை என்றால் மாதாகோயிலில் சாமியார் வைக்கிற பூசை. பிறந்த ஊர் பாஷையைக் கோடம்பாக்கத்தில் தொலைத்த பாவி, விடிந்ததும் கேமராவோடு ஆற்றங்கரையில் நின்றான். ஈ காக்கா இல்லை. ஊர் மொத்தமும் நல்ல துணி உடுத்திக் கோயிலில் முழங்காலில் இருந்தது.

ஊரைக் கூட்டிவரப் போன நாகராஜன் பூசையிலிருந்து யாரையும் எழுப்பவில்லை. அவனும் பின்னால் உட்கார்ந்துவிட்டான். பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருவதையே எடுத்துவிடலாம், கேமராவை இங்கே கொண்டுவாங்க என்று ஒரு மாணவனிடம் சொல்லியனுப்பினான். ஆகா, என்ன யோசனை என்றார்கள் பிள்ளைகள். இவன் செய்த கோமாளித்தனம் அவன் யோசனையாகிவிட்டது. யாகப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

கதவு திறந்தது. இளவெயில் நேராக முகங்களில் விழுந்தது. தாமஸ் வந்தான், பக்கத்து வீட்டு ரோசம்மாள் வந்தாள், சின்னதும் பெரிசுமாய் ஊரே வந்தது. கடைசியாக அல்போன்சா, கல்யாணப் பட்டில். பக்கத்தில் நடந்த நாகராஜன் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். தன்னிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று! யாகப்பன் கை கேமராவைக் கொடிமரத்துப் பக்கம் திருப்பிவிட்டது. டைரக்டர் பிரேமுக்குள் வரலாமா என்று நியாயமும் சொல்லிக்கொண்டான்.

பொங்கல் கழித்துப் பள்ளிக்கூடத்தில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் போட்டார்கள். சென்னையிலிருந்து நாகராஜனும் வந்திருந்தான். அவரவர் முகத்தைக் கண்டு ஊர் கூச்சல் போட்டது. தாமஸ் திரையில் தன்னைப் பார்த்துவிட்டு மச்சான் தோளைத் தட்டினான். அந்தத் தட்டலுக்காகத்தானே யாகப்பன் இவ்வளவும் செய்தது. அல்போன்சா மட்டும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடிமரம் வந்தது. படம் முடிந்தது.

"ஊரே இருக்குது. நான் எங்க?" என்று புருஷனைக் கேட்டாள்.

அவன் குனிந்து ரீலைச் சுற்றத் தொடங்கினான். நாகராஜன் அவனை ஒரு பார்வை பார்த்தான். எல்லாம் தெரிந்துகொண்ட பார்வை.

"தப்பு என்னுதும்மா. நான் குறுக்க வந்துட்டேன். அதான் சார் கேமராவைத் திருப்ப வேண்டியதாயிடுச்சு" என்றான் நாகராஜன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பரவால்ல சார் என்றாள். வூட்டு வாசல் வந்ததும் சொன்னாள்.

"தப்பைத் தானே ஒத்துக்கினாரு பாரு. அவரு மனுசன்."

யாகப்பன் வாசலிலேயே நின்றுவிட்டான். யாரையும் கேட்காமல் அவனே செய்த காரியம் அந்தக் கேமராவைத் திருப்பியது ஒன்றுதான். அதற்கும் பேர் நாகராஜனுக்கே போய்விட்டது.