பூவரசேந்தலுக்கு ஆள் தேவை

எங்கள் வேளச்சேரி அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட்டில் எட்டுப் பேர் ஏறலாம். ஒன்பதாவது ஆள் ஏறினால் அது கூவும். கூவும்போதெல்லாம், பூமி பாரம் தாங்காமல் போனதற்கு மற்ற எட்டுப் பேரும்தான் காரணம் என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பேன். ஐம்பத்திரண்டு வயதில் என்னைப் பிடித்த வியாதி இது: ஜனத்தொகைப் பயம். தண்ணீர் லாரி தாமதமானால் பயம், பள்ளிக்கூட வாசலில் கார்கள் நின்றால் பயம், பக்கத்து வீட்டில் வளைகாப்பு என்றால் தனிப் பயம். குடியிருப்போர் கூட்டத்தில் இதைப் பற்றி அரைமணி நேரம் முழங்கினேன். என் அம்மாவுக்கு நான் ஏழாவது பிள்ளை என்பதைச் சொல்ல மட்டும் நேரமில்லாமல் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா மகன் முருகேசண்ணன் போன் செய்தார்.

"ஏலே, திங்கக்கெழம ஊர்ல ஒரு விசேஷம். ஞாயித்துக்கெழமையே வந்துரு. ஆளு முக்கியம்."

என்ன விசேஷம் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். காதுகுத்தாக இருக்கும் என்று நினைத்து, ஒரு சட்டைத்துணி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஆள் குறைந்த ஊர். இரண்டு நாள் தாராளமாக மூச்சு விட்டு வரலாம்.

ஞாயிறு, காலை ஏழு மணி. விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கி அருப்புக்கோட்டை பஸ் பிடித்தேன். இருபது கிலோமீட்டர். பாலவனத்தம் வரை நின்றுகொண்டுதான் வந்தேன். என் தோளில் ஒருவர் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினார். லேசாக அசைத்தேன். "அருப்புக்கோட்டை வந்தா எழுப்புங்கண்ணே" என்று பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி சாய்ந்தார். எதிரே நின்றவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்கே இப்பிடியா? குமாரலிங்கபுரத்துல பெரிய ஜவுளிப் பூங்கா வரப் போகுது, பூராம் மில்லுதான். அது வந்துட்டா இந்த பஸ்ஸுல நிக்கக்கூட எடமிருக்காது" என்றார். ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல அவ்வளவு சந்தோஷம். நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் ஒரு டீ, ஒரு பருப்பு வடை. திருச்சுழிக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. அங்கிருந்து பூவரசேந்தலுக்கு மத்தியான மினி பஸ், பத்து ரூபாய் டிக்கெட். பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர், நான், இரண்டு மூட்டை மாட்டுத் தீவனம். இரண்டு பக்கமும் உழுதுபோட்டு மழைக்குக் காத்திருக்கும் கரிசல். அதைத் தாண்டினால் சீமைக்கருவேலங்காடு, நடுவில் கரிமூட்டத்துப் புகை. கண்மாயில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மனிதத் தலை ஒன்றுகூட இல்லை. பரவசத்தில் நான் இரண்டு சீட்டில் காலைப் பரப்பி உட்கார்ந்தேன்.

"முருகேசன் வீட்டுக்கா? நாளைக்கு விசேஷத்துக்கா?" என்று கேட்ட கண்டக்டர், டிரைவரைப் பார்த்துச் சிரித்தது அப்போது எனக்கு விளங்கவில்லை.

பூவரசேந்தலில் பாதிக்கு மேல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. அண்ணன் வீட்டு வாசலில் அவர் மனைவி ராஜாத்தி மதினி பெரிய அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு மதினி காது குத்துறீங்க?"

"காதுகுத்தா? விசேஷம் பஸ்ஸுக்கு, கொழுந்தனாரே."

"பஸ்ஸுக்கா?"

"ஆமா. நீங்க ஏறி வந்தீகள்ல, அதுக்குத்தான். கூட்டமே ஏறலன்னு மொதலாளி நிறுத்தப் போறாராம். நாளைக்குக் காலைல ஏழு இருவதுக்கு அவரே வந்து பாக்குறாரு. ஆளு இருந்தா ஓடும். இல்லேன்னா மெயின் ரோட்டோட திரும்பிரும்."

மதினி அருப்புக்கோட்டையில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போகிறவர். இந்த பஸ்ஸில் போய், திருச்சுழியில் மாறவேண்டும். அந்த வருமானத்தில்தான் வீடு நிற்கிறது.

"பஸ்ஸு நின்னுட்டா?"

"நாங்களும் வீட்டப் பூட்டிட்டு மெட்ராசுக்கு வந்துர வேண்டியதுதான். உங்க அப்பார்ட்மெண்டுலயே ஒரு வீடு பாத்து வைங்க."

லிஃப்ட் என் கண்முன் வந்து கூவியது. எட்டுப் பேர். அவர்களோடு மதினி, அண்ணன், இரண்டு பிள்ளைகள், அண்ணனின் ஊர்கூட்டும் குரல்.

"நாளைக்கு மொத்தம் எத்தனை ஆள் வேணும் மதினி?" என்றேன். மனிதகுலத்தைப் பெருக்கும் ஆவல் எனக்கு வந்தது அதுவே முதல் தடவை.

திங்கள், காலை ஆறு மணி. ஊரில் இருக்கும் தலைகள் போதாது என்று அண்ணன் மல்லாங்கிணற்றுச் சொந்தங்களையும் பாலவனத்தத்துச் சொந்தங்களையும் அழைத்திருந்தார். லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, ஒரு தட்டில் தேங்காய் பழம். "விசேஷம்னு சொல்லிட்டீக, வெறுங்கையோடயா வாரது?" என்றார் ஒரு சித்தி. வந்தவர்களுக்கு இட்லி, சாம்பார், கேசரி. அதற்குத்தான் அந்த அண்டா.

ஏழு இருபதுக்குப் பஸ் வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் முதலாளி, மடியில் துண்டு. இதுவரை எல்லாம் சரி. இங்கேதான் பூவரசேந்தல்காரர்கள் தங்கள் குணத்தைக் காட்டினார்கள். விருந்தாளி நிற்கும்போது வீட்டுக்காரன் உட்கார்வதா? ஊர்க்காரர் அத்தனை பேரும் ஒதுங்கி நின்றுகொண்டார்கள். அண்ணன் படியருகே நின்று கைகூப்பி, "வாங்க, வாங்க, மொதல்ல நீங்க உக்காருங்க" என்று பந்திக்கு அனுப்புவதுபோல ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். நானும் விருந்தாளி என்பதால் எனக்கு ஜன்னல் சீட்டு. சீட்டுகள் நிறைந்தன, நடைவழி நிறைந்தது, படியும் நிறைந்தது.

பாத்திரத்தை ஒதுங்கவைத்துவிட்டு, டிபன் பையோடு ஓடிவந்தார் ராஜாத்தி மதினி. கால் வைக்க இடமில்லை.

"இந்தா, நகருங்க! நான் வேலைக்குப் போகணும்!"

"அடுத்த பஸ்ஸுல வாயேன் தாயி" என்றார் மல்லாங்கிணற்றுப் பெரியவர் ஒருவர், சீட்டில் சாய்ந்தபடி.

"அடுத்த பஸ்ஸு மத்தியானந்தான்! மூணு வருசமா நான் ஒத்தையில ஏறுன பஸ்ஸு இது. இன்னைக்கு எனக்கே எடமில்லையா?"

"மெதுவாப் பேசு ராஜாத்தி" என்றார் அண்ணன். "வந்தவுகள எறங்கச் சொல்லவா? மொகம் வாடிராதா?"

"அப்ப நானும் பட்டுச்சேலை கட்டிட்டு வரட்டுமா?"

முதலாளி திரும்பினார். அந்தப் பெரியவரிடம், "நீங்க எங்க போறீக?" என்று கேட்டார்.

"தெரியலயேய்யா. இவுக ஏறச் சொன்னாக, ஏறுனோம்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வேளச்சேரி லிஃப்ட் மறுபடி என் காதில் கூவியது. இந்தத் தடவை ஒன்பதாவது ஆள் யார் என்பதில் சந்தேகமே இல்லை.

"மதினி, என் சீட்டுக்கு வாங்க!" என்று எழுந்தேன்.

எழுந்துவிட்டேனே தவிர, வெளியே வர வழியில்லை. மதினியின் டிபன் பையை ஜன்னல் வழியே வாங்கி சீட்டில் வைத்தேன். பிறகு பல மடிகளையும் முழங்கால்களையும் தாண்டி, ஒரு பூச்சரத்தை இழுத்துக்கொண்டு படி வழியே தரையில் வந்து விழுந்தேன். பிறந்தபோதுகூட நான் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டேன். ஏழாவது ஆள் அல்லவா, அப்போது வழி பழகியிருந்தது.

நான் வந்த வழியிலேயே மதினி உள்ளே போய் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதலாளி அண்ணனைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கல்யாணத்துக்குக் கூட்டுன மாதிரில்ல கூட்டிட்டீக. இதுல அந்தம்மா போட்ட சண்டை மட்டுந்தான் நெசம்." கொஞ்சம் யோசித்தார். "சரி, தை வரைக்கும் ஓட்டுறேன். அப்புறம் வந்து பாப்பேன்."

பஸ் இடப்பக்கம் சாய்ந்தபடி கிளம்பியது. விருந்தாளிகளைத் தனியே அனுப்பக் கூடாதாம், அண்ணனும் படியில் தொற்றிக்கொண்டு போனார். ஊர்க்காரர்கள் காட்டு வேலைக்குக் கலைந்தார்கள். நான் ஆசைப்பட்டபடியே ஒரு முழு ஊர் எனக்கு மட்டும் மிஞ்சியது.

முதல் பத்து நிமிடம் சொர்க்கம். பிறகு என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்கத் தொடங்கியது. ஒரு நாய் வந்து என்னை மோந்து பார்த்துவிட்டு, பேச்சுத்துணைக்கு லாயக்கில்லை என்று போய்விட்டது. ஆட்டுக்குட்டி ஒன்றிடம் அரசியல் பேசிப் பார்த்தேன். இங்கே நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு எண்ணம் வந்தது. வந்தவுடன் நெஞ்சு வலித்தது. பதினொரு மணிக்கே பஸ் நிற்கும் வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டரைக்குத் தூரத்தில் புழுதியும், ஜன்னலுக்கு ஜன்னல் தலையும் தெரிந்து, திரும்பி வரும் விருந்தாளிகளின் கூச்சலும் கேட்டபோது நான் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். கண்டக்டர், "ஏறவா போறீக?" என்றார். "இல்லை, எண்ணிப் பார்க்கிறேன்" என்றேன்.

அன்று இரவே ரயில். மறுநாள் சாயங்காலம் வேளச்சேரி லிஃப்ட்டில் ஏறி, எட்டுப் பேரில் ஒருவனாக அடைந்து நின்றபோது போன் அடித்தது. ராஜாத்தி மதினி.

"கொழுந்தனாரே, இன்னைக்குப் பஸ்ஸுல டிரைவரு, கண்டக்டரு, நானு. காலை நீட்டி உக்காந்து போனேன். தைக்கு மொதலாளி திரும்ப வாராரு. பட்டுச்சேலை வேணாம், சும்மா வேலைக்குப் போற மாதிரி வாங்க. பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. உங்க அண்ணன் ஆறு பேரையும் கூப்புடுங்க. ஆளு பத்தாது."

ஒன்பதாவதாக ஒருவர் ஏற, லிஃப்ட் கூவியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் இறங்கிப் படியேறினேன். மூன்றாவது மாடி வருவதற்குள் அண்ணன்மாரில் இருவரிடம் பேசி முடித்திருந்தேன்.