ஊறிய கல்

கடப்பைக் கல் முறியும்போது பெரிய சத்தமெல்லாம் வராது. அப்பளத்தை ஒடித்தது போல ஒரு 'டக்', அவ்வளவுதான். அறுபதுகளின் தொடக்கத்தில், பெங்களூரில் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தச் சத்தத்துக்கே நான் திடுக்கிட்டுப்போவேன்.

அங்கே நான் ஒருத்திதான் பெண். வேலையும் தற்காலிகம். பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றின் மாடிப்படிகளுக்கு வந்திருந்த கடப்பைக் கல்லைச் சோதிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கல் வகைதான் அது. தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவப்போகிற படிகள் என்பதால், சில துண்டுகளைத் தொட்டியில் ஊறப்போட்டேன். இரண்டு உருளைகளின் மேல் கிடத்தி நடுவில் பாரம் ஏற்றியபோது காய்ந்த துண்டுகள் தாங்கின. ஊறியவை அதில் பாதி பாரத்துக்கே முறிந்துவிட்டன. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

விஷயம் தெரிந்ததும் கான்ட்ராக்டர் அடுகோடிப் பகுதியிலிருந்து நேரே வந்துவிட்டார். லாரி லாரியாகக் கல் இறக்கியிருந்தவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? "இன்னா சார், சின்னப் பொண்ணு கைல மெஷினக் குடுத்துட்டு என் கல்லு சரியில்லன்னா எப்படி? நீங்களே ஒரு தபா போட்டுப் பாருங்க" என்றார்.

எங்கள் ஆபீசர் கன்னடக்காரர், அதிகம் பேசாதவர். அவர் இயந்திரத்தில் கை வைத்துவிட்டால், அதற்குப் பிறகு என் சோதனை எதையும் யாரும் நம்பப்போவதில்லை. எழுந்து வந்தவர், இயந்திரத்துக்குச் சற்றுத் தள்ளிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "நீங்களே போடுங்கம்மா. தொட்டியிலேருந்து கல்ல அவரே எடுத்துக் குடுக்கட்டும்."

அவர் எடுத்துக் கொடுத்த கல்லை உருளைகளின் மேல் கிடத்தினேன். பிடியைச் சுழற்றினேன். பாரத்தைக் காட்டும் முள் மெல்ல ஏறி, முன்பு ஊறிய கற்களுக்கு நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. கல் முறிந்தது. கான்ட்ராக்டர் அந்தத் துண்டை எடுத்து, உள்ளே ஓடிய மண் கோடு ஒன்றை நகத்தால் சுரண்டினார். சேறாக வந்தது.

"எங்க மருமக கூட அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போவா. வேற கல்லு கொண்டாறேன் சார்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அதையும் ஊறவச்சே பாரும்மா."

இன்று இயந்திரமே பாரத்தின் அளவை அச்சடித்துத் தந்துவிடுகிறது. அது இல்லாத காலத்தில் ஒருவர் எனக்காகத் தள்ளி நின்றதை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அவர் ஓய்வுபெற்ற நாளில் கேட்டேன்: "அன்னைக்கு அந்தக் கல்லு தாங்கியிருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?"

"தாங்கிச்சுன்னு நீங்க எழுதியிருப்பீங்க, நான் கையெழுத்து போட்டிருப்பேன்" என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல.