ஹட்டனில் வாங்கிய சிம்

கையாட்டும்போது எந்தக் கையை ஆட்டுகிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. ரொசல்ல ஸ்டேஷனைத் தாண்டி ரயில் ஒரு வளைவில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. தண்டவாளத்துக்குக் கீழே சரிவில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நிமிர்ந்து ரயிலைப் பார்த்துக் கை அசைத்தாள். கதவருகே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த நான், ஐம்பத்திரண்டு வயதில் முதன்முதலாக வெளிநாடு வந்திருக்கும் பூரிப்பில், பதிலுக்கு வேகமாகக் கை அசைத்தேன். வலது கையை. போன் இருந்த கையை.

அது சத்தமே இல்லாமல் போய்விட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "போனா போச்சு?" என்றார்.

அவர் கேள்வி கேட்டாரா, ஆறுதல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அழ வேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அன்று முழுக்க அது என்னை விடவில்லை.

நான் போய்க்கொண்டிருந்தது ஒரு கல்யாணத்துக்கு. திருச்சியில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் இலங்கையின் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். படிப்பை முடித்து ஊர் திரும்பி டீச்சரானாள். முப்பது வருடமாக அவளை நேரில் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் மகளுக்குக் கல்யாணம். கோயம்புத்தூரிலிருந்து தனியாகவே வருகிறேன் என்று நான் அடம்பிடித்துக் கிளம்பியிருந்தேன். "வெள்ளிக்கிழம நான் ஹட்டன் டவுன்லதான் இருப்பேன். கடைசி நேரச் சாமான் வாங்கணும். நீ எறங்கினதும் ஒரு கோல் எடு, எந்தக் கடையில நிக்கிறேன்னு சொல்றேன்" என்று சொல்லியிருந்தாள்.

திட்டம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம் வாங்கியிருக்க வேண்டும். வரிசை நீளமாக இருந்தது, ரயிலைப் பிடிக்கிற அவசரம், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். வங்கியிலிருந்து செய்தி வந்தால் பார்க்க வேண்டுமே என்று ஊர் எண்ணுக்கே ரோமிங் போட்டு வைத்திருந்தேன். இப்போது ஊர் எண் ரொசல்லப் பக்கம் எங்கேயோ கிடந்தது.

ஹட்டனில் இறங்கி, தூறலில் பெட்டியை இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடக்கும்போது ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். தோழியின் எண் மனப்பாடமாகத் தெரியாது. வீட்டு விலாசம் வாட்ஸப்பில் இருந்தது. என் வீட்டுக்காரரின் எண்ணாவது தெரியுமா என்றால், தொண்ணூற்று நான்கு என்று தொடங்கும் என்பது வரைக்கும்தான் தெரிந்தது. இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்திய மனிதரின் எண்ணில் பாக்கி எட்டு இலக்கம் தெரியாமல் வெளிநாட்டுத் தெருவில் நிற்கிறேன் என்று நினைத்ததும் மறுபடி சிரிப்பு வந்தது. எதிரே வந்த இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் என்னைப் பார்த்து அவர்களும் சிரித்துவிட்டுப் போனார்கள்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு போன் கடை. தொப்பி போட்ட, தாடி நரைத்த ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பால் இல்லாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளூர்க்காரர்கள் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"நானா, ஒரு போனும் சிம்மும் வேணும். ரீசார்ஜோட."

"ரீலோட்" என்று திருத்தினார். "இந்தியாவா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இங்க யாரும் ரீசார்ஜ்னு சொல்ற இல்ல. பழைய போன் என்னாச்சு?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கைய ஆட்டினீங்களா" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு டீக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் அப்படிச் சிரிக்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

இருப்பதிலேயே விலை குறைந்த டச் போன் ஒன்றை எடுத்து வைத்தார். பிறகு சிம் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கண்ணாடி மேல் விரித்து, "பிடிச்ச நம்பர எடுங்க" என்றார். கடைசியில் மூன்று ஏழு வரும் ஒன்றை எடுத்தேன். பாஸ்போர்ட்டை வாங்கிப் படம் எடுத்தார். அடுத்து என்னைப் படம் எடுக்க வேண்டும் என்றார். பாஸ்போர்ட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சிரிக்காம நில்லுங்க. பாஸ்போர்ட்ல சிரிக்காமத்தானே இருக்கீங்க. ரெண்டும் ஒத்துப் போகணும்."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். முதல் படத்தில் பல் தெரிந்தது. இரண்டாவதில் வாயை இறுக்கிக்கொண்டதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாவதில் கை ஆடிப் பாஸ்போர்ட் மூக்கை மறைத்தது. நானா பொறுமையாக, "மிஸ், உங்க போன் ஒடைஞ்சு தூள் தூளாக் கிடக்குன்னு நெனச்சுப் பாருங்க" என்றார். நினைத்துப் பார்த்தேன். நான்காவது படம் சரியாக வந்தது.

கால் மணி நேரத்தில் எனக்கு இலங்கையில் ஒரு எண் இருந்தது. என்னிடம் போன் இருந்தது, சிக்னல் இருந்தது, ரீலோட் இருந்தது. கூப்பிட மட்டும் ஆள் இல்லை. பழைய எண்கள் எல்லாம் மின்னஞ்சல் கணக்கில் இருக்கும், அதைத் திறந்துவிடலாம் என்று கடவுச்சொல்லைப் போட்டேன். நீங்கள்தானா என்று உறுதிப்படுத்த உங்கள் எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. எந்த எண்ணுக்கு என்று பார்த்தால், கடைசி இரண்டு இலக்கமும் என்னுடையவை.

திரையை நானாவிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க நம்பர் உங்களுக்குத் தெரியும்தானே?"

"அது ஒண்ணுதான் தெரியும்."

"அப்ப அதுக்கே அடிங்களேன்."

"யாரு எடுப்பா நானா?"

"தண்டவாளத்துல விழுந்திருந்தா யாரும் எடுக்க மாட்டாங்க. தேயிலைல விழுந்திருந்தா யாராவது எடுப்பாங்க."

பிளஸ் ஒன்பது ஒன்று போட்டு என் எண்ணை அழுத்தினேன். எனக்கே நான் போன் செய்வது அதுதான் முதல் தடவை. மணி போனது. அது போனதே எனக்கு ஆச்சரியம். முழுக்க அடித்து நின்றது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை நாலு மணி அடித்ததும் ஒரு பெண் குரல் கேட்டது.

"அலோ, யாருங்க?"

"நான்தாங்க" என்றேன்.

"நான்தான்னா யாருங்க?"

"இந்த போன் என்னோடதுங்க. ரயில்லருந்து விழுந்துடுச்சு."

குரல் உஷாரானது. "அப்படியா. கவர் என்ன நெறம்னு சொல்லுங்க பாப்போம்."

"ஊதா. பின்னால மயில் ஸ்டிக்கர் இருக்கும்."

"ஏய், இது மயிலாம்டி" என்று அவள் திரும்பி யாரிடமோ சொல்வதும், பல பெண்கள் சேர்ந்து சிரிப்பதும் கேட்டது. "நாங்க கோழின்னுல்ல நெனச்சோம். சரி, கை ஆட்டினது நீங்கதானா?"

"நான்தான்."

"நாந்தாங்க மொதல்ல ஆட்டினேன். ரயில்ல போறவங்க திருப்பிக் கை ஆட்டுவாங்க. போனையே தூக்கிப் போட்டவங்க நீங்க ஒருத்தர்தான்."

போன் உடையவில்லை. மட்டமாக வெட்டிவிட்ட தேயிலைச் செடியின் தலையில், மேசை மேல் வைத்த மாதிரி உட்கார்ந்திருந்ததாம். கொழுந்து கிள்ளக் கை நீட்டியபோது விரலில் பட்டதாம். கூடைக்குள் போட்டிருப்பேன், நல்ல வேளை அப்போது பார்த்து அது அடித்தது என்றாள்.

"யாரு அடிச்சது?"

"லிந்துலைன்னு பேரு வந்துச்சு. சரி, நம்மாளுங்கதான்னு எடுத்தேன். ஒரு டீச்சர் பேசினாங்க. உங்க கூட்டாளியாமே. போன் கெடைச்சிருச்சு, உங்களத்தான் காணோம்னு சொன்னேன். பாவம், ஸ்டேஷனுக்கு ஓடியிருக்காங்க."

என் தோழி ஸ்டேஷனில், நான் கடைத்தெருவில், எங்கள் இருவருக்கும் நடுவே ரொசல்லவில் முகம் தெரியாத ஒரு பெண். நானா என் கையிலிருந்து போனை வாங்கினார். "தங்கச்சி, அந்த டீச்சர் திரும்ப எடுத்தா இந்த நம்பரச் சொல்லுங்க. ஸ்கிரீன்ல விழுந்திருக்கும் பாருங்க. கடைசி மூணு ஏழு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப் பக்கம், பேக்கரிக்கு அடுத்த கடை" என்று விவரமாகச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேள்வி வந்தது. "ஓ, இங்கதான் இருக்காங்க, பத்திரமா இருக்காங்க. சிரிச்சுக்கிட்டே இருக்காங்க" என்று பதில் சொல்லிவிட்டு என்னிடம் போனைக் கொடுத்தார்.

வைக்கும் முன் அவள் இன்னொன்றும் சொன்னாள். "வீடுன்னு ஒருத்தர் கோல் எடுத்தாருங்க. உங்க வீட்டுக்காரரா? நீங்க யாருன்னு என்னையக் கேட்டாரு. நான் கொளுந்து எடுக்கிறேன்னு சொன்னேன். வச்சிட்டாரு."

ஐந்து நிமிடம் கூட ஆகியிருக்காது. என் புது போன் முதன்முறையாக அடித்தது. எடுத்ததும், "அடியேய், அங்கயே நில்லு, அசையாத" என்று ஒரு குரல். முப்பது வருடத்துக்கு முன் விடுதி மாடிப்படியில் கேட்ட அதே அதட்டல். கடை வாசலுக்கு வந்து நின்றேன். ஸ்டேஷன் பக்கமிருந்து, இரண்டு கையிலும் சேலைப் பைகளோடு, நனைந்துபோன கண்ணாடியோடு, ஒரு கனத்த பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். நான் கையாட்டினேன். நானா பின்னாலிருந்து, "போன வச்சிட்டு ஆட்டுங்க" என்றார்.

கட்டிக்கொண்டோம். அவள் அழுதாள், நான் சிரித்தேன், பிறகு இரண்டு பேரும் இரண்டையும் செய்தோம். நானா எங்கள் இருவருக்கும் பிளேன்டீ வரவழைத்தார்.

ஆட்டோ பிடித்து ரொசல்லவுக்குப் போனோம். போனில் பேசியவள் சொன்ன தோட்டத்தில் சாயங்காலக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் படங்கு என்ற சாக்குத் துணியைக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டு போட்டிருந்த ஒரு பெண் வரிசையிலிருந்து விலகி வந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். போனை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள். எடுத்துக் கொடுக்கும்போது வெதுவெதுப்பாக இருந்தது.

"மழை பட்டுரும்னு உள்ள வச்சிருந்தேங்க. சார்ஜ்தான் கொறஞ்சிருச்சு. எங்களத்தான் திட்டணும்."

எதற்குத் திட்ட வேண்டும் என்று திறந்து பார்த்தபோது புரிந்தது. பூட்டைத் திறக்காமலே கேமராவைத் திறக்கலாம் என்று அவர்களில் யாருக்கோ தெரிந்திருக்கிறது. அறுபதுக்கு மேல் படங்கள். கூடையோடு ஒருத்தி, கூடை இல்லாமல் அவளே, நான்கு பேர் கன்னத்தோடு கன்னம் ஒட்டி, ஒருத்தியின் நெற்றி மட்டும், அப்புறம் வானம், அப்புறம் யாருடைய கட்டைவிரலோ. நடுவில், வேலை நேரத்தில் என்ன போன் என்று விரட்ட வந்ததாகச் சொல்லப்பட்ட கங்காணி, கறுப்புக் கண்ணாடி போட்டு, இடுப்பில் கைவைத்து, மூன்று படத்தில் நின்றார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் தூரத்திலிருந்து வந்து, "என்னோடது நல்லா விழுந்திருக்குங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் பணம் எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து மூடிவிட்டாள். "அதெல்லாம் வேணாங்க. படத்த மட்டும் அனுப்பி விடுங்க."

"அப்ப ஞாயித்துக்கிழம கல்யாணத்துக்கு வாங்க. எல்லாரும் வாங்க" என்றாள் தோழி. அழைப்பிதழ்களைச் சேலைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தாள்.

அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தவர், "யாரு?" என்றார், பயந்த குரலில்.

"நான்தான். என்ன பண்றீங்க?"

"போலீஸுக்குச் சொல்லலாமான்னு உன் தம்பியோட பேசிட்டிருந்தேன். உன் போனை யாரோ எடுத்துக் கொழுந்து எடுக்கிறேன்னு சொல்றாங்க. உன்னை என்னவோ வேலைக்குப் பிடிச்சு வச்சுட்டாங்கன்னே நினைச்சேன்."

அவருக்கு விளக்கிச் சொல்ல முடியவில்லை. தோழியிடம் போனைக் கொடுத்துவிட்டு நான் ஆட்டோ சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவளாலும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. கடைசியில் கொழுந்து எடுக்கும் அந்தப் பெண்தான் போனை வாங்கி ஆரம்பத்திலிருந்து நிதானமாக அவருக்குச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஐந்து பேர் பஸ் பிடித்து லிந்துலைக்கு வந்தார்கள். பட்டுச்சேலையில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவர்களே வந்து, "கோழி மிஸ்" என்று கூப்பிட்டார்கள். தோழி அவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிப் போய் மாப்பிள்ளை வீட்டாரிடம் அறிமுகப்படுத்தினாள். அறிமுகப்படுத்தும் ஒவ்வொரு முறையும் முழுக் கதையையும் சொன்னாள். கேட்டவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். தாலி கட்டும்போது போன் பள்ளத்தாக்கில் விழுந்ததாகப் பேச்சு இருந்தது. சாப்பாட்டுப் பந்தி போடும்போது ரயிலிலிருந்து விழுந்தது நானே என்று ஆகியிருந்தது.

பந்தியில் எனக்கு எதிரே டயகமவிலிருந்து வந்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"அடி கிடி ஒண்ணும் படலையே, தாயி?"

"இல்லீங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, என் இலையில் இன்னொரு வடை வைக்கச் சொன்னார்.