எமரால்டில் பிறந்த குழந்தை

நீங்கள் எழுதக் கற்றுக்கொண்டது எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில் ஒன்றே ஒன்றுதான். லீவு லெட்டரில். கேட்டவர் சிரிப்பார், நான் சிரிக்க மாட்டேன். நாலு புத்தகம் எழுதிய பிறகும், கதை எழுதும் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி, குன்னூருக்கு மேலே ஒரு டீ எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் ஆறாவது படிக்கும்போது தெரிந்துகொண்டதுதான். இதைச் சொல்வதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது.

அந்த வருடம் எங்கள் எஸ்டேட்டுக்குச் சமவெளியிலிருந்து புதிதாக ஒரு ஃபீல்டு ஆபீசர் வந்தார். வந்த கையோடு ஒரு சட்டம் போட்டார். இரண்டு நாளுக்கு மேல் லீவு வேண்டுமென்றால் வாயால் சொன்னால் செல்லாது, காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு எழுத்து என்பது கையெழுத்தோடு முடிந்துவிடும். என் அம்மாவும் கொழுந்து பறிப்பவள்தான். மகள் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அவள் யாரிடமோ பெருமையடிக்கப் போக, லைனில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தாளும் பேனாவுமாக எங்கள் வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள்.

முதலில் எழுதியதெல்லாம் குப்பை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சாவு. பக்கத்து வீட்டு அக்காவின் மாமியாரை ஒரே மாதத்தில் இரண்டு தடவை சாகடித்துவிட்டேன். அந்த அம்மாளோ கோத்தகிரியில் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். "ஏம்மா, உங்க மாமியாருக்கு எத்தனை உசுரு?" என்று ஆபீசர் கேட்டுவிட்டார். தப்பு என்னுடையது. அன்றிலிருந்து கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் யார் வீட்டில் யார் செத்தார்கள், யாருக்குக் கால் ஒடிந்தது என்று குறித்துவைக்க ஆரம்பித்தேன். கதை சொல்கிறவள் எதையும் மறக்கக் கூடாது. இது நான் கற்ற முதல் பாடம். யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாவது பாடம் தற்செயலாக வந்தது. மேட்டுப்பாளையத்துக்குக் கோயில் நோன்பிக்குப் போக ஆசைப்பட்ட ஒரு அத்தைக்காக, அவளுடைய அண்ணன் ஜீப்பிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டதாக எழுதினேன். தாளில் இடம் மிஞ்சியிருந்தது. அதனால், கட்டுப் போட்ட காலை வீட்டு நாய் ஓயாமல் மோந்து பார்ப்பதால் அவருக்குத் தூக்கமே வருவதில்லை என்று ஒரு வரி சேர்த்தேன். லீவு உடனே கிடைத்தது. அத்தை திரும்பி வந்ததும் ஆபீசர் அண்ணனின் காலைப் பற்றிக் கேட்கவில்லை, நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். கதைக்குத் தேவையே இல்லாத ஒரு வரிதான் கதையை நம்ப வைக்கிறது. இன்றைக்கும் எழுத்துப் பட்டறைகளில் இதைத்தான் சொல்லிக் காசு வாங்குகிறேன்.

ஆபீசருக்கும் அந்த லெட்டர்கள் பிடித்துப்போயின. காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்குப் பெரட்டுக் களம் என்று பேர். லெட்டர் வந்த அன்று அங்கேயே சத்தமாகப் படித்துக் காட்டுவார். ஸ்கூல் பஸ்ஸுக்குப் போகிற வழியில் நான் கொழுந்து எடை போடும் ஷெட்டுக்குப் பின்னால் நின்று கேட்பேன். எழுதியது யார் என்று தெரிந்த பெண்கள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொள்வார்கள். எனக்குத் தலைகால் புரியாது. அப்படி ஒரு வாசகர் அதற்குப் பிறகு எனக்கு அமையவில்லை.

என் சின்னம்மா, அதாவது அம்மாவின் தங்கை, எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தாள். சித்தப்பா கேரட் லாரி ஓட்டினார், வாரத்தில் பாதி நாள் மேட்டுப்பாளையம் மண்டியில்தான் கிடப்பார். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. அவள் வேலையும் இன்னும் டெம்பரரி. அந்த சீசன் முடிந்ததும் பர்மனென்ட் ஆக்குகிறவர்கள் லிஸ்ட் வரும் என்று பேச்சு இருந்தது. கொழுந்து தள்ளுகிற நேரத்தில் சரியான காரணம் இல்லாமல் லீவு போட்டால் லிஸ்டில் பேர் இருக்காது என்றும் பேச்சு. அதனால் சின்னம்மா ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை, என்னிடம் லெட்டர் கேட்டு வந்ததும் இல்லை.

ஒரு சாயங்காலம் வந்தாள். ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை. கொழுந்து பறிக்கும்போது செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கும் அப்படியே இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், டீ போட எழுந்திருக்கவில்லை.

"நாலு நாளைக்கு லீவு வேணும் கண்ணு. நாளையில இருந்து" என்றாள் சின்னம்மா.

என்ன காரணம் போடட்டும் என்று கேட்டேன்.

"நீயே எதாச்சும் எழுது."

இப்படி ஒரு சுதந்திரத்தை அதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. எல்லோரும் காரணத்தோடு வருவார்கள், நான் அதற்குச் சட்டை போட்டு அனுப்புவேன். இது முழுக்க முழுக்க என் கை. அதுவரை என் லெட்டர்களில் ஆட்கள் செத்தார்கள், விழுந்தார்கள், கையைக் காலை ஒடித்துக்கொண்டார்கள். யாரும் பிறந்ததில்லை. சரி, பிறக்கட்டும் என்று முடிவு செய்தேன். எமரால்டு அணைக்குப் பக்கத்தில் சின்னம்மாவுக்கு ஒரு நாத்தனாரை உண்டாக்கினேன். அவளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. குறைமாதம், குளிர் தாங்காது, பிழைக்குமா என்று தெரியவில்லை. தோட்டத்தில் கேரட் பிடுங்க ஆள் இல்லை. மூத்த பையன் இந்த மாமி ஊட்டினால்தான் சாப்பிடுவான், அதுவும் பருப்பைத் தனியாக எடுத்துவைத்த பிறகு. ஒன்றரைப் பக்கம் வந்தது. குரலை ஏற்றி இறக்கிப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே அம்மா எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். அடுப்பு பற்றவைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

சின்னம்மா தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "கொழந்தைக்கு ஒண்ணுமில்லைன்னு போடு கண்ணு. கொழந்தை நல்லா இருக்குது" என்றாள்.

"அப்புறம் எதுக்கு லீவு தருவாங்க?"

"அம்மாக்காரிக்குத்தான் சொகமில்லை. அப்படிப் போடு."

கதையே கெட்டுப்போகும் என்று வாதாடிப் பார்த்தேன். சின்னம்மா அசையவில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திருத்தி எழுதினேன். என் எழுத்தில் இன்னொருவர் கைவைத்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அம்மா கொண்டுபோய்க் கொடுத்தாள். லீவு கிடைத்தது. ஐந்தாம் நாள் காலையில் சின்னம்மா பெரட்டுக்கு வந்தபோது நான் ஷெட்டுக்குப் பின்னால் இருந்தேன். முகம் வெளுத்து, மெதுவாக நடந்து வந்தாள். அட, நடிப்பும் நன்றாக வருகிறதே என்று மெச்சிக்கொண்டேன். ஆபீசர், "கொழந்தை எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குதுங்க சார். ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்குதுங்க, பகல்ல தூங்குது. வெரலக் குடுத்தா இறுக்கிப் புடிச்சுக்குதுங்க."

இது எதுவும் நான் எழுதியது இல்லை. அந்த விரல் வரி எனக்குத் தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது. ஆனால் பெண்கள் யாரும் முந்தானையை வாயில் வைக்கவில்லை. ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. வயசான ஒரு பெரியம்மா மட்டும் சின்னம்மாவின் கொழுந்துப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். என் கதைகள் இவர்களுக்கு அலுத்துவிட்டன போல என்று கவலையோடு பஸ் ஏறினேன்.

வாரம் ஒன்று போனது. ஆபீசரின் மனைவி மஞ்சள் கம்பளி நூலில் ஒரு குல்லாவும் இரண்டு காலுறையும் பின்னி அனுப்பியிருந்தார். அதோடு விட்டாரா ஆபீசர், ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க எமரால்டு போகிறேன், எந்த வீடு என்று சொன்னால் குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாராம். அம்மாதான் வந்து சொன்னாள். நாத்தனாரும் இல்லை, வீடும் இல்லை. பொய் வெளிப்பட்டால் சின்னம்மாவின் வேலை போகும், அதுவும் என் கதையால் போகும். யோசித்தேன். வழி கிடைத்தது. சின்னம்மா வீட்டுக்கு ஓடினேன்.

அவள் குல்லாவைத் தன் கைமுட்டியில் மாட்டிவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கவலைப்படாத சின்னம்மா. கொழந்தை செத்துப்போச்சுன்னு ஒரு லெட்டர் எழுதிடறேன். அப்புறம் யாரும் போய்ப் பாக்க மாட்டாங்க" என்றேன்.

பளாரென்று கன்னத்தில் விழுந்தது. என்னை அடிக்காத ஒரே ஆள் அவள்தான். அன்றைக்கு அடித்தாள். அடித்த கையோடு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். என்னை அடித்துவிட்டோமே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன், அதனால் பரவாயில்லை சின்னம்மா என்று பெரிய மனது பண்ணிச் சொன்னேன்.

மறுநாள் அவளே ஆபீசரிடம் போய், குழந்தைக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்கள் குடும்பத்தோடு சத்தியமங்கலத்துக்குப் போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டாள். சுத்தமான வேலை. கொல்லாமல் இடம் மாற்றினாலே போதும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த சீசன் முடிந்து வந்த லிஸ்டில் சின்னம்மாவின் பேரும் இருந்தது.

லிஸ்ட் வந்ததோடு கதையை முடித்திருக்கலாம். அவள் முடிக்கவில்லை. ஆபீசர் எப்போதாவது கேட்பார், அவளும் சொல்வாள். தவழுது, பல்லு வந்திருக்குது, கோழியைக் கண்டால் பயம். அது என் குழந்தை, நான் உண்டாக்கியது. ஆனால் அவள் வாயில்தான் அது வளர்ந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

இரண்டரை வருடம் கழித்து ஆபீசருக்கு மாற்றல் வந்தது. பெரட்டுக் களத்திலேயே டீயும் மிக்சரும் கொடுத்து வழியனுப்பினார்கள். நான் அப்போது எட்டாவது. ஆபீசரின் மனைவியும் வந்திருந்தார். சின்னம்மாவைத் தேடி வந்து, "நான் போட்ட குல்லா இப்ப பத்தாதுல்ல?" என்று கேட்டார்.

"பத்தாதுங்க. முடி நெறைய இருக்குதுங்க. ரெட்டைச் சடை போட்டுவிட்டாத்தான் பால்வாடிக்குப் போறாளாம்" என்றாள் சின்னம்மா.

நான் அப்படியே நின்றுவிட்டேன். நான் எழுதியது ஆண் குழந்தை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆதாரம் இருந்தது. நல்லவேளை, மற்றவர்கள் கவனிக்கவில்லை.

போன வருடம் ஊட்டியில் ஒரு கூட்டத்தில் இதையெல்லாம் பேசினேன். மேடையில் எனக்குப் பயமே கிடையாது. மாமியாரில் சிரித்தார்கள், நாயில் சிரித்தார்கள். ஆண் குழந்தை ரெட்டைச் சடை போட்டுக்கொண்டதைச் சொன்னதும் கைதட்டினார்கள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குன்னூர் பஸ் லவ்டேல் தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிறகு, "இனிமே அதைச் சொல்லாத கண்ணு" என்றாள். "அப்ப அவளுக்கு அஞ்சாம் மாசம். ஸ்வெட்டரும் படங்கும் கட்டினா யாருக்குத் தெரியுது. அதுக்கு முன்னால ரெண்டு தங்கலை, அதான் வெளிய சொல்லாம இருந்தா. அன்னைக்கு ஊட்டி ஆஸ்பத்திரியில பாத்துட்டு, வயித்துலயே துடிப்பு நின்னுபோச்சு, நாளைக்கு வந்து படுங்கன்னுட்டாங்க. நெசத்தை எழுதினாப் பெரட்டுல வெச்சுப் படிப்பாங்களேன்னுதான் உன்கிட்ட வந்தா. திரும்பி அவ நடந்து வந்ததைப் பாத்தே பொம்பளைங்களுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு."

பஸ்ஸில் யாரோ டிக்கெட்டுக்குச் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நர்ஸம்மா துணியில சுத்திக் காட்டினாங்க" என்றாள் அம்மா. "பொண்ணு."

சின்னம்மாவுக்கு அதற்குப் பிறகும் குழந்தை பிறக்கவில்லை.

ஆபீசரை வழியனுப்பிய அன்று வீட்டுக்கு நடக்கும்போது நான் அவளை விடவில்லை. நான் பையன் என்று எழுதியிருந்தேன், நீ பொண்ணு என்று சொல்லிவிட்டாய் என்று பிடித்துக்கொண்டேன். "அப்படியா கண்ணு, மறந்துட்டேன்" என்றாள். எட்டாவது படிக்கும் திமிரில் நான் அவளுக்குப் புத்தி சொன்னேன். கதை சொல்கிறவர்கள் எதையும் மறக்கக் கூடாது சின்னம்மா, நோட்டில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். சின்னம்மா என் தோளில் கைபோட்டு நடந்தபடியே, "சரி கண்ணு, இனிமே மறக்க மாட்டேன்" என்றாள்.