காலியோப்பியின் நங்கூரம்

கிரேக்கத்து இத்தாக்காத் தீவில், எங்கள் கியோனித் துறையில் ஒரு படகு வந்து கட்டுகிறது என்றால் அது ஊர்ப் பொதுச்சொத்து. நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டு, காப்பியும் கையுமாக ஊரார் படகுக்காரனுக்கு ஆளுக்கொரு உத்தரவு போடுவார்கள். என் காப்பிக்கடை ஓடுவதே அந்த வேடிக்கையால்தான். நான் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்வேன்.

காலியோப்பி இருபது வருஷமாக 'பொலிக்சேனி' என்ற பாய்மரப் படகின் சமையல்காரி. கேப்டன் அவள் புருஷன் ஸ்தாதிஸ். படகுக்கு அவன் அம்மா பெயர். கோடை முழுக்க விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு இத்தாக்கா, கெஃபலோனியா, மெகனீசி என்று தீவு தீவாகச் சுற்றுவார்கள். கீழே இவள் மீன் பொரிப்பாள், மேலே சுக்கானைப் பிடித்துக்கொண்டே அவன், "உப்புப் பத்தலடி!" என்று கத்துவான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், படகிலிருந்து கரைக்குப் போடும் பலகையில் வழுக்கி விழுந்தான். இடுப்பு எலும்பு கூடிவிட்டது, தைரியம் கூடவில்லை. கைத்தடியும் சிடுசிடுப்புமாக என் கடையிலேயே கிடந்தான். பலகையைக் கண்டாலே முகம் வெளுக்கும். காலியோப்பி சும்மா இருக்கவில்லை. பத்ரா நகரத்துக்குப் போய்ப் படித்து, பரீட்சை எழுதி, ஐம்பத்தொரு வயதில் கேப்டன் சான்றிதழோடு வந்து நின்றாள்.

"அதெல்லாம் சரி, படகை வித்துடலாம். லெஃப்காடா தீவுலேருந்து வாங்குற ஆள் பார்க்க வர்றான்" என்றான் ஸ்தாதிஸ்.

"இந்த ஒரு ட்ரிப் நான் போயிட்டு வர்றேன். அப்புறம் சொல்லு. அந்தப் படகு போச்சுன்னா நானும் உன்னை மாதிரி இங்க உட்கார்ந்து ஊரான் படகுக்கு உத்தரவு போடணும். செத்தாலும் மாட்டேன்."

ஒரு பெல்ஜியத்துக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனாள். நாலாம் நாள் சாயங்காலம், ஒரு ராத்திரி தங்கிப் போக இங்கே வந்தாள்; பலத்த காற்றிலும் துறைக்கு நடுவில் நங்கூரத்தைப் போட்டுப் பின்பக்கமாகவே வந்து அழகாகத் துறையில் கட்டினாள். ஒருத்தருக்கும் உத்தரவு போட இடமே கிடைக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

மறுநாள் காலையில் லெஃப்காடாக்காரன் வந்து, ஸ்தாதிஸ் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி கேட்டான். அந்த நேரம் பார்த்துத்தான் பொலிக்சேனி புறப்பட்டது. நங்கூரம் மேலே வந்தது. கூடவே அதில் மாட்டிக்கொண்டு பக்கத்துப் படகுக்காரன் பனாகிஸின் சங்கிலியும் வந்தது.

இதை எங்கள் ஊர்க்காரர்தான் செய்ய முடியும். வெளியூர்க்காரன் பார்த்துப் போடுவான். நாங்கள் தெரியும் என்று போடுவோம். பனாகிஸ் வருஷக்கணக்காகச் சங்கிலியை நேராகத்தான் போடுவான். முந்தின நாள் ஏனோ சாய்த்துப் போட்டிருக்கிறான். இவள் பழக்கத்தில் பார்க்காமலே அதன் மேல் போட்டுவிட்டாள்.

"கேப்டனம்மா!" என்று பனாகிஸ் கூவினான். "என் நங்கூரத்தைப் புடுங்கிடாதே தாயே, படகு கரையில மோதிடும்! பேசாம போய்க் கரண்டியப் பிடி!"

கடையே சிரித்தது. லெஃப்காடாக்காரனும் சிரித்தான். ஸ்தாதிஸ் தடியை ஊன்றிக்கொண்டு துறை விளிம்பு வரை போய் வாயைத் திறந்தான்.

"மனுஷா! ஒரு வார்த்தை பேசினே, படகை உன் மேலயே ஏத்திடுவேன்!" காலியோப்பியின் குரல் கணீரென்று வந்தது.

அவன் வாயை மூடினான். அவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து நான் காணாத காட்சி!

பெல்ஜியத்துக்காரரைச் சுக்கானில் நிறுத்திவிட்டுக் காலியோப்பி முன்னால் போனாள். குப்புறப் படுத்து, பனாகிஸின் சங்கிலிக்கு அடியில் ஒரு கயிற்றைக் கொடுத்து, இரண்டு முனையையும் படகில் இறுக்கிக் கட்டினாள். தன் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கினாள். சங்கிலி கயிற்றில் தொங்க, நங்கூரம் தனியே கழன்றது. அப்புறம் கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்துவிட்டாள். சங்கிலி தொபுக்கென்று தண்ணீருக்குள் போனது. பனாகிஸின் படகு அசையக்கூட இல்லை.

"சரி, படகை எப்ப உள்ள பார்க்கலாம்?" என்றான் லெஃப்காடாக்காரன்.

"பார்க்க முடியாது, விக்கறதா இல்லை. ஆள் இருக்கு அதுல" என்றான் ஸ்தாதிஸ்.

காலியோப்பி அதற்குள் படகைப் பின்பக்கமாகத் துறையை ஒட்டிக் கொண்டுவந்திருந்தாள். பலகையைக் கரைக்குத் தள்ளினாள். "வர்றியா?"

அவன் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். கைத்தடியை என்னிடம் நீட்டினான். அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து ஏறிவிட்டான். அழுதுவிட்டேன்; கேட்டவர்களிடம் வெங்காயம் நறுக்கினேன் என்றேன்.

சனிக்கிழமை திரும்பி வந்தார்கள். பார்த்து, நேராக நங்கூரம் போட்டாள்.

"ஸ்தாதிஸ் அண்ணே, இப்ப யாரு கேப்டன்?" என்று சீண்டினான் பனாகிஸ்.

சமையல் ஜன்னலிலிருந்து ஸ்தாதிஸின் தலை நீண்டது. தோளில் கரித்துணி.

"அவகிட்டயே கேளுடா. எனக்கு இங்க மீன் கருகுது!"

மேலேயிருந்து காலியோப்பி கத்தினாள்: "உப்புப் பத்தலடா, மனுஷா!"